சூசையப்பருக்கு ஒரு சாட்சி

"சாட்சிக்கு ஒரு ஆளையும் கூட்டிட்டு வாங்க. உயிரோட இருக்கணும்," என்றார் பங்குத்தந்தை.

லிஃப்ட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் மைக் முன்னால் நின்று, இருபது வருடமாகப் புனித சூசையப்பர் பக்தியைப் பரப்பிய அனுபவத்தைச் சொல்ல வேண்டும். அதுவரை சந்தோஷம்தான். ஆனால் பலன் பெற்ற ஒருவரும் பக்கத்தில் நின்று பேச வேண்டுமாம். சூசையப்பர் நல்ல மரணத்தின் பாதுகாவலர். லிஃப்ட்காரர் நோயாளிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததெல்லாம் அமைதியாகக் கண்மூட வேண்டும் என்ற செபம் அச்சிட்ட படங்கள். பலன் பெற்றவர்கள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள்.

"பொழைச்சவங்க யாரும் இல்லையா?" என்று கேட்டாள் மனைவி.

"நிறையப் பேர் இருக்காங்க. அவங்களுக்கு இன்னும் பலன் கிடைக்கலையே!"

வேலையில் இருந்தபோது அவர் லிஃப்ட் மெக்கானிக். அப்போதும் ஆட்களை மேலே அனுப்பினார், இப்போதும் அதே வேலைதான் என்று தெருவில் கேலி பேசுவார்கள். அவர் கண்டுகொள்வதில்லை. அவருடைய அப்பா கடைசி நாளில் பயந்து, யார் யார் பெயரையோ சொல்லிக் கூப்பிட்டபடி செத்துப்போனார். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. மகனான இவர் ஏதோ ஒரு கட்டடத்தில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருந்தார். அன்றிலிருந்து, இன்ன வீட்டில் இன்னாருக்கு முடியவில்லை என்று பங்குத்தந்தை சொல்லி அனுப்பினால் போதும். படத்தோடு போய் நிற்பார். பங்குத்தந்தைகள் மாறினார்கள். சொல்லி அனுப்புவது மட்டும் மாறவில்லை.

முதலில், இறந்துபோன தச்சரின் மனைவியைப் போய்ப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் எவ்வளவு நிம்மதியாப் போனாரு! அதை ரெண்டு வார்த்தை வந்து சொல்லுங்கம்மா."

"நிம்மதியாத்தான் போனாரு. அந்த வாரம் முழுக்க நான் அவர்கிட்ட பேசலை. அதான் அந்த நிம்மதி. மைக்ல சொல்லட்டுமா?"

லிஃப்ட்காரர் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

"செத்தவங்களை விடுங்க," என்றாள் மனைவி. "படுத்த படுக்கையா இருந்து, உங்க படத்தால மனசு தேறினவங்க யாராவது இருந்தா கேளுங்க. பேக்கரிக்காரர் ஒரு வாரமா கடைக்கு வரலையாம்."

யோசனை நல்ல யோசனைதான். பேக்கரிக்காரர் வீட்டு மணியை அடித்தார். கதவைத் திறந்த மருமகள் இவரைப் பார்த்தாள், இவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த படத்தைப் பார்த்தாள். அப்படியே உள்பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"என்னங்க! டாக்டர் நம்மகிட்ட எதையோ மறைச்சிட்டாரு!"

பேக்கரிக்காரர் போர்வையும் தானுமாக எழுந்து வந்தார். "எனக்கு வெறும் சளிதான்! யார் உங்களை வரச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. நானேதான் வந்தேன். ஒண்ணும் பயப்படாதீங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு..."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தானா?"

பேக்கரிக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். மருமகள் அழுதாள், மகன் ஆம்புலன்சைக் கூப்பிட்டான். பதற்றத்தைத் தணிக்க வேறு வழி தெரியாமல் லிஃப்ட்காரர் செபத்தைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். "எங்கள் மரண வேளையில்" என்ற இடம் வந்ததும் பேக்கரிக்காரருக்கு மயக்கமே வந்துவிட்டது.

அன்று மாலைக்குள் செய்தி பரவிவிட்டது. லிஃப்ட்காரர் நடந்து வந்தால் வீடுகளில் கதவு சாத்தப்பட்டது. மளிகைக் கடைக்காரர், கேட்காமலே, "நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்க மருத்துவமனைக்குப் போனார். படத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போனார். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. வார்டு வாசலில் அவர் தலையைக் கண்டதுமே உள்ளே பேச்சு நின்றது. முதல் கட்டிலில் இருந்தவர் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார். பிறகு, அது வேறு மாதிரித் தெரியுமோ என்று சட்டென்று விலக்கினார். ஜன்னல் பக்கத்துக் கிழவர் எழுந்து நின்று, கட்டிலைச் சுற்றி இரண்டு தடவை விறுவிறுவென நடந்து காட்டினார். பேக்கரிக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

லிஃப்ட்காரர் உள்ளே போகாமல் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

இத்தனை வருடமாகத் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று முதன்முறையாக யோசித்தார். பயப்படுகிறவர்களுக்குத் துணையாக இருக்கத்தான் கிளம்பினார். கடைசியில் அவரைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். அப்பா இருந்திருந்தால் அவரும் கதவைச் சாத்தியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

மருந்துத் தட்டோடு தலைமை நர்ஸ் வார்டிலிருந்து வெளியே வந்தார். லிஃப்ட்காரர் எழுந்து நின்றார்.

"மன்னிச்சிடுங்கம்மா. என்னால உங்களுக்கும் தொந்தரவு. பேக்கரிக்காரர் எப்படி இருக்காரு?"

"அவருக்கென்ன, வெறும் வாயுதான். சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்."

"நல்லதும்மா. இனிமே நான் எந்த நோயாளியையும் பார்க்கப் போறதா இல்லை. நேரா ஃபாதர்கிட்டப் போய், ஆளை விடுங்கன்னு சொல்லிடப் போறேன்."

நர்ஸ் பதறிப்போய்த் தட்டைப் பெஞ்சில் வைத்தார்.

"ஐயையோ, அப்படி மட்டும் சொல்லிடாதீங்கண்ணே! மருந்து வேண்டாம், ஊசி வேண்டாம்னு அடம்பிடிச்சுச் சாகக் கிடக்கிறவங்க வீட்டுக்கெல்லாம், ஃபாதர்கிட்டச் சொல்லி இத்தனை வருஷமா உங்களை அனுப்பி வைக்கிறதே நாங்கதானே! உங்களைக் கண்ட பயத்துலதான் மருந்தை முழுங்கிப் பொழைச்சுக்கிறாங்க!"