காலுக்கு வந்த கஷாயம்

யோசித்து நடப்பவர்கள் தடுக்கி விழமாட்டார்கள் என்பது, யோசித்து நடப்பவர்களே கிளப்பிவிட்ட கட்டுக்கதை. சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் பெற்று, எதையும் விளைவறிந்தே செய்வேன் என்று பிரகடனப்படுத்தித் திரிந்த நான், பிளசன்டனில் என் நாத்தனார் வீட்டு வாசற்படியில் கால் பிசகி விழுந்தேன்.

தொண்ணூறுகளின் இறுதி அது. டெக்சாஸின் இர்விங்கிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தோம். நான் அப்போதுதான் கருவுற்றிருந்தேன். மூன்று மாதம் முடியும்வரை ஒருவரிடமும் மூச்சுவிடக் கூடாது என்பது ஊரிலிருந்து அம்மா பிறப்பித்த ஆணை. ஆகவே, நாத்தனார் காமாட்சி அக்கா நீட்டிய வலி மாத்திரையைக் காரணம் சொல்லாமல் மறுத்தேன்.

"மாத்திரை ஆகாதா? அப்ப ஓக்லண்ட்ல சைனீஸ் ஆஸ்பத்திரி இருக்கு, வா. எல்லாம் மூலிகைதான். நானே டிரைவ் பண்றேன்," என்றார் அக்கா.

ஃப்ரீவே முழுக்க, பிற சமூகங்களின் வைத்திய மரபுகளை மதிப்பது பற்றி அவருக்குச் சொற்பொழிவாற்றினேன். (கணுக்கால் அதற்குள் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.)

சுவர் முழுக்கச் சிறுசிறு மர இழுப்பறைகள். நம்மூர் நாட்டு மருந்துக் கடையின் அதே வாசனை. மருத்துவ அம்மையார் காலை அழுத்திப் பார்த்துச் சுளுக்குதான் என்றார். கர்ப்பமா என்றும் கேட்டார். பக்கத்தில் அக்கா. இல்லை என்று தலையாட்டினேன்.

சற்று நேரத்தில் உதவிக்கு இருந்த பெண், ஒரு பீங்கான் கிண்ணத்தில் ஆவி பறக்கும் கரிய திரவத்தை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

"என்ன பாத்துட்டு இருக்க? ஆறினா இன்னும் கசக்கும். மூக்கப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா குடிச்சிடு."

மறுத்தால் காரணம் கேட்பார். சொற்பொழிவின் மானமும் போய்விடும். எடைபோட்டேன், தராசு தவறான பக்கம் சாய்ந்தது. கருப்பாக, சூடாக, கசப்பாக ஒன்றைக் கண்டால் மூக்கைப் பிடிக்கப் பழகிய இனத்தவள் அல்லவா? குடித்துவிட்டேன். ஒரே உப்பு.

அந்தப் பெண் பிளாஸ்டிக் தொட்டியும் வெந்நீரும் துண்டுமாகத் திரும்பி வந்தார். காலிக் கிண்ணத்தைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். பிறகு நெடுநேரம் என் வாயைப் பார்த்தார்.

அது வெந்நீரில் கலந்து கால் ஊறவைக்க வேண்டிய மருந்து.

அம்மாவின் ஆணை காற்றில் பறந்தது. "அக்கா, நான் முழுகாம இருக்கேன்," என்று விம்மினேன்.

அக்காவின் முகம் வெளிறியது. "அடிப்பாவி, மொதல்லயே சொல்லக் கூடாதா? என் வாயாலயே குடிக்கச் சொன்னேனே."

அவர் ஓடிப்போய் மருத்துவரை அழைத்து வந்தார். அம்மையார் பதற்றமின்றி இழுப்பறைகளைத் திறந்து மேசையில் வைத்தவை: சுக்கு, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், கல்லுப்பு. அவ்வளவே. குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, தாகம்தான் எடுக்கும் என்றார். தொலைபேசியில் என் டாக்டரும் அதையே சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, முதலில் அழுதார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் இன்னும் அழுதார். மருத்துவர் இன்னொரு கிண்ணம் காய்ச்சச் சொன்னார். இம்முறை அது தொட்டிக்குள் போகும்வரை என் அருகிலேயே நின்றுகொண்டார்.

அன்று வயிற்றில் இருந்தவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்குச் சளி பிடித்தால் சுக்குக் கஷாயம் காய்ச்சிக் கொண்டுபோவேன். டம்ளரை உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா, இஸ் திஸ் ஃபார் மீ, ஆர் ஃபார் மை ஃபீட்?" என்பாள்.

கேட்டுக்கொண்டே காலை நீட்டுவாள்.