புலிக்கு ஒரு வரிசை, பலகைக்கு ஒரு வரிசை

ஒரு காட்டில் கணினிக்கு ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்த விலங்கு ஒன்றுதான் இருந்தது. அது முள்ளம்பன்றி. புலிக்கு உணவாக யார் போக வேண்டும் என்ற வரிசை அதன் ஸ்கிரிப்ட்டில் இருந்தது. விடிந்ததும் வரிசையின் முதல் பெயர் புலியின் திரையில் தோன்றும். புலி அந்த விலங்கைச் சாப்பிடும்.

வரிசையில் அமைச்சர் நரியின் பெயர் மட்டும் இல்லை.

"தினம் மான்தான் போகுது. நரியார் வீட்டுல ஒரு எழவு விழுந்துச்சா?" என்றது காட்டெருமை, நரியின் காதில் விழும்படி.

நரி முள்ளம்பன்றியிடம் போனது.

"தம்பி, அந்த வரிசைய இன்னொரு காப்பி எடு. அத எல்லாரும் பாக்குற ஆலமரத்துப் பலகையில காட்டு. என் பேர் முதல்ல இருக்கட்டும்."

"முதல்லயா அண்ணே?"

"தியாகத்துக்கு நடுவுல நின்னா யாரு பாப்பாங்க?"

"புலியோட வரிசையில?"

"அதுல நான் எதுக்குடா?"

முள்ளம்பன்றி ஒரே வரியில் வேலையை முடித்தது. பிரதி எடுத்துவிட்டதாகவே நம்பியது. உண்மையில் அது பிரதி எடுத்தது வரிசையை அல்ல. வரிசை இருக்கும் இடத்தைச் சுட்டும் ரெஃபரன்ஸை. ஒரே வளைக்கு இரண்டாவது வாசல் வெட்டியதுபோல. அந்த வாசல் வழியாக நரியின் பெயரை முதலில் வைத்தது.

மாலையில் பலகையைப் பார்த்து விலங்குகள் கண்கலங்கின. காட்டெருமை மன்னிப்புக் கேட்டது. நரி சுருக்கமாகப் பேசியது.

விடிந்ததும் நரி வழக்கம்போல் புலிக்கு வணக்கம் சொல்லப் போனது. புலி திரையைப் பார்த்தது.

"இன்னிக்கு நீயா?"

"மகாராஜா, அது பலகைக்கு மட்டும் போட்டது."

"இங்கயும் இருக்கே."

"முள்ளம்பன்றியக் கூப்பிட்டுக் கேளுங்க."

"கேக்கறேன். சாப்பிட்டுட்டு."

காடு முள்ளம்பன்றியைத் தோளில் தூக்கியது. முட்கள் குத்தியதால் இறக்கிவிட்டது. "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு காட்டின ஆளு" என்றது காட்டெருமை. முள்ளம்பன்றியை அமைச்சராக்கினார்கள்.

பதவியேற்றதும் அது ஸ்கிரிப்ட்டைத் திறந்து பிழையைக் கண்டுபிடித்தது. பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, பலகைக்கென்று வேறொரு வரிசையில் அடுக்கியது. ஒன்றைத் தொட்டால் மற்றது அசையவில்லை. இரண்டு தடவை சோதித்துப் பார்த்தது.

பிறகு பலகையில் தன் பெயரை முதலில் போட்டது.

மறுநாள் ஒரு மான் போனது.

நீதி: தெரியாமல் செய்துவிட்ட நன்மையை, தெரிந்தவுடன் திருத்திக்கொள்ள வேண்டும்.