ஐந்து வோல்ட்டும் ஐம்பது முட்டையும்

மாங்குளம்,
14.06.2024

பெருமதிப்புக்குரிய கதிர்காமநாதன் அண்ணைக்கு,

தம்பி நடராசா எழுதுவது. இங்கு நானும் சுதாஜினியும் நலம். செட்டிகுளத்தில் நீங்களும் அண்ணியும் கோழிகளும் நலமாயிருக்க அம்மாளாச்சி துணை நிற்கட்டும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் தந்துவிட்ட ஐம்பது ஊர்க்கோழி முட்டைகளுக்காக நான் பொரிக்கும் பெட்டி செய்தேன் அல்லவா? உள்ளே சூட்டை அளக்க ஒரு சென்சர், அதைப் பார்த்து பல்பை ஏற்றி அணைக்க ஒரு சின்ன போர்டு. இரண்டையும் நானே வயரால் இணைத்துச் சுவிட்சைப் போட்டேன். போர்டு ஒருமுறை மினுங்கிப் புகைந்தது. குசினியில் நின்ற சுதாஜினி கறி அடிப்பிடித்துவிட்டது என்று சட்டியை இறக்க ஓடினாள். நான் கிளிநொச்சிக்கு பஸ் ஏறி, கடைக்காரரோடு சத்தம் போட்டு, வேறு போர்டு கொண்டுவந்தேன். அதுவும் புகைந்தது. முட்டை வந்து ஆறு நாள். இன்னும் இரண்டு நாள் போனால் பொரிக்காது, உங்கடை முகத்திலை எப்பிடி முழிக்கிறது என்று நான் தலையில் கைவைத்து இருக்க, சுதாஜினி வந்தாள்.

"இஞ்சாருங்கோ, கடைக்காரரைப் பேசாதேங்கோ. சென்சர் அஞ்சு வோல்ட்டிலை அனுப்புது. போர்டு மூண்டு தசம் மூண்டுக்கு மேலை தாங்காது. நேரை குடுத்தால் எரியாமல் என்ன செய்யும்?"

"உனக்கு உதெல்லாம் ஆர் சொன்னது?"

"கலியாணத்துக்கு முதல் ஆறு மாதம் எலெக்ட்ரோனிக்ஸ் படிச்சனான். நீங்கள்தான் ஒருநாளும் கேக்கேல்லை."

அண்ணை, பதினொரு வருசமாக அந்தப் படிப்பின் சான்றிதழ் அலுமாரிக்குள் என் சேட்டுகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது! அவளே கிளிநொச்சி போய், புது போர்டோடு மின்னழுத்தம் மாற்றும் நகமளவு துண்டொன்றும் வாங்கிவந்தாள். ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் மூன்று தசம் மூன்று. நடுவில் வைத்து ஈயம் உருக்கி ஒட்டி, மீட்டரால் அளந்து பார்த்துச் சுவிட்சைப் போட்டாள். நான் முற்றத்தில் நின்றேன்.

"உள்ளை வாங்கோ, ஒண்டும் வெடிக்காது."

வெடிக்கவில்லை. இருபத்தோராம் நாள் நாற்பத்துமூன்று குஞ்சுகள்! பார்க்க வருகிறவர்களுக்கு நான் முதலில் அந்தத் துண்டைக் காட்டுகிறேன், பிறகுதான் குஞ்சுகளை. "என்ரை மனிசி வச்சது" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போச்சு. இப்போது படலையில் வந்து நிற்பவர்கள், "சுதாஜினி அக்கா நிக்கிறாவோ?" என்றுதான் கேட்கிறார்கள். என்னை ஒருவரும் கேட்பதில்லை, அதிலும் எனக்குப் பெருமைதான்.

ஆகவே அண்ணை, இனி இந்த வீட்டுக்கு அடைகோழி என்ற கதையே வேண்டாம்.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் வளவு நிறைந்து பொலியட்டும்.

அன்புத் தம்பி,
நடராசா

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகையில் கரண்ட் போய்விட்டது. இரண்டாம் தடவை வைத்த முட்டைகள் உள்ளே கிடக்கின்றன. கடிதம் கண்டவுடன் இரண்டு அடைகோழிகளோடு பஸ் ஏறுங்கோ. கடிதம் கிடைக்க முதலே வெளிக்கிட்டால் இன்னும் நல்லது.