ஆங்கிலத்துக்கு எண் இரண்டு

மிக்ஸியில் ஒரு கோளாறும் இல்லை. பெரியநாயகிக்கு அதுதான் பெரிய கோளாறாக இருந்தது.

செல்போனில், "ஹவ் மே ஐ ஹெல்ப் யூ, மேடம்?" என்று ஒரு பெண் குரல் இரண்டாம் முறையாகக் கேட்டது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"மை மிக்ஸி..." என்று இழுத்தாள். "மை மிக்ஸி டூ மச் டாக்கிங்."

வாசற்படியில் நின்ற கணவன் மாயவன் மிக்ஸியைப் பார்த்தான். அது பேசாமல்தான் இருந்தது.

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து சாமை அரிசி விற்கும் குழுவுக்குப் பெரியநாயகி தலைவி. போன வருஷம் கள்ளக்குறிச்சியில் நடந்த வெளிமாநில வியாபாரிகள் கூட்டத்தில், "எங்க சாமையில ஒரு கல்லு இருக்காதுங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். மொழிபெயர்க்க வந்தவர் அதை ஆங்கிலத்தில் என்ன சொன்னாரோ, மண்டபமே சிரித்தது. ஒரு மூட்டைகூட விலைபோகவில்லை. திரும்பி வரும் பஸ்ஸிலேயே அவள் சொல்லிவிட்டாள்: "அடுத்த வாட்டி நம்ம சாமைக்கு நான்தான் பேசுவேன். இங்கிலீஷ்ல."

பள்ளிக்கூட டீச்சர் அருள்மொழியிடம் யோசனை கேட்டாள்.

"புக்கு படிச்சா படிக்கத்தாங்க வரும். தெனம் யார்கிட்டயாவது பேசுங்க. தப்பு வந்தாலும் நிறுத்தாதீங்க."

யாரிடம் பேசுவது? முதலில் மாயவனிடம் முயன்றாள்.

"வாட் இஸ் யுவர் நேம்?"

"யெஸ்."

"வேர் ஆர் யூ கோயிங்?"

"யெஸ்."

அப்போதுதான் மிக்ஸியின் வாரண்டி அட்டை கண்ணில் பட்டது. அதில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டால், தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. துணிந்து இரண்டை அழுத்தினாள். எடுத்தவள் பெயர் ரியா. சின்ன கம்பெனி போலிருக்கிறது. எப்போது அழைத்தாலும் ரியாதான் எடுத்தாள்.

மிக்ஸி அதிகமாகப் பேசுகிறது என்று சொன்னதற்கு நான்காம் நாள் ஒரு ரப்பர் வளையம் தபாலில் வந்தது. நன்றி சொல்ல அழைத்தாள். பேச்சு நீள வேண்டுமே என்று மூடியைக் குறை சொன்னாள். மூடி வந்தது. ஜாரைக் குறை சொன்னாள். ஜாரும் வந்தது.

"ஏன்டி, நல்லா ஓடற மிக்ஸிய ஊரெல்லாம் தூத்திக்கினு இருக்கறியே," என்றான் மாயவன்.

அவளுக்கும் மனசு உறுத்தியது. மறுநாள், "மிக்ஸி வெரி குட். நோ ப்ராப்ளம். தேங்க் யூ," என்று முடித்துவிடப் பார்த்தாள்.

"நோ நோ மேடம்!" ரியா பதறினாள். "ஐ வில் செண்ட் டெக்னீஷியன்!"

மெக்கானிக் வேடியப்பன் கள்ளக்குறிச்சியிலிருந்து மலை வளைவுகளில் பைக்கைத் திருப்பித் திருப்பி, தலை கிறுகிறுத்து வந்து சேர்ந்தார். தண்ணீர் குடித்துவிட்டு மிக்ஸியைப் போட்டுப் பார்த்தார்.

"இன்னாங்க, நல்லாத்தான ஓடுது?"

"காலையில மட்டுந்தாங்க சத்தம் போடும்."

அவர் முழுவதையும் பிரித்து மாட்டினார். மாட்டி முடித்தபோது ஒரு திருகாணி மிச்சம் இருந்தது. "இது எக்ஸ்ட்ராங்க," என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை மிக்ஸி நிஜமாகவே அலறியது. மூடி பறந்தது. மாயவன் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தான்.

பெரியநாயகிக்கு ஒரே சந்தோஷம். முதன்முறையாகப் பொய்யில்லாமல் புகார் சொல்லப்போகிறாள்! "சட்னி இஸ் ஆன் தி ரூஃப், மேடம். ஹஸ்பண்ட் இஸ் அண்டர் தி சட்னி," என்று தொடங்கி இருபது நிமிஷம் பேசினாள். ரியா கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அந்த வாரமே புது மிக்ஸி வந்தது. அடுத்த வாரம், எதற்கும் இருக்கட்டும் என்று, இன்னொன்றும் வந்தது.

பக்கத்து வீட்டு ரங்கம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, மிக்ஸி கடை வெச்சிட்டியா?"

"மூணு மிக்ஸி இருக்குது," என்றான் மாயவன். "அரைக்கத்தான் வூட்ல ஒரு தேங்கா இல்ல."

கூட்ட நாள் வந்தது. பெரியநாயகி மேடையேறியதும், போன வருஷம் மொழிபெயர்த்த அதே மனிதர் மைக்கைப் பிடிக்க எழுந்தார். அவள் கையமர்த்தினாள்.

"சார், பிளீஸ் பி ஆன் தி லைன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு ரியாவின் குரலே அவள் வாயில் வந்தது.

"குட் மார்னிங். ஹவ் மே ஐ ஹெல்ப் யூ? வீ ஆர் ட்வெல்வ் விமன்ஸ், கல்வராயன் ஹில்ஸ். அவர் சாமை, நோ ஸ்டோன். ஒன் ஸ்டோன் கம்மிங், யூ கால் மீ. நாட் டுமாரோ. டுடே ஐ வில் ரிப்ளேஸ். தேங்க் யூ ஃபார் யுவர் பேஷன்ஸ்."

யாரும் சிரிக்கவில்லை. பெங்களூர் வியாபாரி ஒருவர் எழுந்து நின்று கை தட்டினார். "இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் மாற்றித் தருகிறேன் என்று சொன்னதில்லை," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, குழுவின் சாமை முழுவதையும் கேட்டார். அதை அவள் தன் பெண்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னாள். பதினொரு பேரும் அவளைக் கட்டிக்கொண்டார்கள். பின் வரிசையில் மாயவன், "எம் பொண்டாட்டிங்க," என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் ரியாவுக்குப் போன் போட்டாள். இனியும் மறைப்பது சரியில்லை.

"மேடம், ஐ ஸ்பீக், ஆல் கிளாப். பட் ஐ டெல் லை. ஃபர்ஸ்ட் டே மிக்ஸி நோ ப்ராப்ளம். ஒன்லி ஃபார் இங்கிலீஷ் ஐ காலிங். டூ மிக்ஸி ஐ ரிட்டர்ன். சாரி."

வழக்குப் போடுவார்களோ என்று பயந்தபடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதன் பிறகு, நம்ம ஊர்த் தமிழ்.

"அக்கா, நான் ரியா இல்லக்கா, சின்னசேலம் முஹ்சினா. எனக்கும் இங்கிலீஷ் பேசிப் பழக வேற ஆளு இல்ல, அதான் உங்க கம்ப்ளெயின்ட்ட மூடாம ஒவ்வொண்ணா அனுப்பிக்கினே இருந்தேன்!"