படிக்கட்டில் சொன்ன பெயர்

என் மச்சான் சேகரனுக்கு நான் துரோகம் செய்தேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுத்த வாக்கை மீறினேன். மீறியதை வாரக்கணக்கில் மறைத்தேன். கடைசியில் தைப்பூசத்தன்று, தண்ணீர்மலை முருகன் கோயில் படிக்கட்டில், தோளில் காவடியோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் காதருகே குனிந்து, ஒரு தொலைக்காட்சித் தொடரின் கொலைகாரன் யார் என்று சொல்லிவிட்டேன்.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எங்கள் குடும்பத்தில் இப்போது எல்லாரும் சிரிக்கத்தான் செய்கிறார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

(தொடரின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. கொலைகாரனின் பெயரையும்தான். இன்னும் பார்க்காதவர்கள் இருக்கக்கூடும். ஒரு முறை பட்டது போதும்.)

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். சேகரன் என் மனைவி ராஜேஸ்வரியின் தம்பி. பிறை என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெலுத்தோங்கில் ஒரே அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். நாங்கள் மேலே, அவரும் அவர் மனைவி சரோஜாவும் இரண்டு மாடி கீழே. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி அதுவரை செய்திக்கு மட்டும்தான் உயிர் பெறும். கொலையும் கடத்தலும் பார்க்கும் மாணவர்களின் மூளை என்ன ஆகும் என்று பள்ளிச் சபைக்கூடலில் வெயிலில் நிற்கவைத்துப் பேசிய ஆள் நான். அந்தப் பிள்ளைகள் இதைப் படித்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை சேகரன் வீட்டுத் தொலைக்காட்சி பழுதாகிவிட்டது. தட்டில் முறுக்கோடு மேலே ஏறி வந்தார்.

"அத்தான், ஒரு மணி நேரம் மட்டும் லா. புதுசா ஒரு தொடர் ஆரம்பிக்குதாம். நீங்க பேப்பர் படிங்க, சத்தத்தைக் கம்மியா வெச்சுக்கிறேன்."

பெருந்தன்மையாகத் தலையசைத்துவிட்டுப் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். திரையில் படகுத்துறைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு காருக்குள் பிணம். எங்கள் ஊர்ப் படகுத்துறை. நான் வாரந்தோறும் நடக்கும் இடம். அப்புறம் ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். தொந்தி, கசங்கிய சட்டை. சந்தேகத்துக்குரிய ஒரு கண்ணாடிக்காரனைச் சாலையோர ஒட்டுக்கடையில் உட்காரவைத்து, நுரைக்க ஆற்றிய தே தாரேக் தேநீர் வாங்கிக் கொடுத்து, அவன் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் போனதும் கான்ஸ்டபிளிடம் சொன்னார்: "தெரியாதவன் எப்பவும் தப்பாத்தான் சொல்வான். யாரு சரியா சொல்றானோ, அவன்தான் அங்க இருந்தவன்."

அந்த ஒரு மணி நேரமும் நான் மரண அறிவிப்புப் பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தேனாம். பக்கத்தைத் திருப்பவே இல்லை. விளம்பர இடைவேளையில் என்னையறியாமல் வாய் திறந்தது.

"அந்தக் கண்ணாடிக்காரன் பொய் சொல்றான்."

சேகரன் முறுக்கைக் கடித்தபடியே திரும்பினார். கல்யாண வீட்டில் ஐயரே மொய் எழுத உட்கார்ந்துவிட்டதைப் போல என்னைப் பார்த்தார்.

"அத்தான், பார்த்துக்கிட்டா இருந்தீங்க?"

அவர் தொலைக்காட்சியைப் பழுதுபார்த்த பிறகும் சனிக்கிழமைகளில் மேலேதான் வந்தார். கொலை என்றாலே ஆகாத ராஜேஸ்வரி சமையலறைக்குப் போய்விடுவாள். சனிக்கிழமை பார்த்ததைப் பற்றிப் புதன்கிழமைவரை பேசுவோம். புதனிலிருந்து அடுத்த சனியைப் பற்றிப் பேசுவோம். பணியில் இருந்த காலமெல்லாம் அவரோடு நான் பேசியது "சாப்டாச்சா", "மழை வரும்போல" இரண்டும்தான். அறுபது தாண்டிய பிறகு எனக்கு ஒரு நண்பன் கிடைத்தான். அவன் என் மச்சானாகவே இருந்தது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

இப்படி இருக்கையில்தான் சரோஜாவுக்கு மார்பில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. மேற்கொண்டு பரிசோதனை செய்து பார்த்த பிறகே எதுவும் சொல்ல முடியும் என்றார்கள். அந்த முடிவு தைப்பூசத்துக்குப் பிறகுதான் வரும். சேகரன் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார்.

ஒரு மாலை என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். முறுக்குத் தட்டு இல்லை.

"அத்தான், விரதத்துல இறைச்சியை எல்லாரும்தான் விடறாங்க. அது எனக்குப் பெரிசே இல்லை. உண்மையிலயே எனக்குப் பிடிச்சதை விட்டாத்தானே முருகனுக்கும் ஒரு மதிப்பு? யோசிச்சுப் பார்த்தேன். நம்ம தொடரை விட்டுர்றேன். காவடியை எறக்கி வைக்கிறவரைக்கும் அதுல என்ன நடக்குதுன்னு என் கண்ணுலயும் படக்கூடாது, காதுலயும் விழக்கூடாது."

கடைசி ஆறேழு பகுதிகள் மிச்சமிருந்த நேரம். எழுந்து நின்று (ஆம், எழுந்து நின்றுதான்) சொன்னேன்:

"நீங்க பார்க்காம நான் மட்டும் பார்ப்பேனா மச்சான்? எல்லாம் பெட்டியில பதிவாகட்டும். தைப்பூசத்துக்கு மறுநாள் ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். அதுவரைக்கும் நானும் பார்க்க மாட்டேன்."

அவர் கண் கலங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். காவல் பொறுப்பையும் நானே ஏற்றுக்கொண்டேன். எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளக் காப்பிக்கடையில் சேகரன் வந்தால் தொடரைப் பற்றிப் பேசக்கூடாது என்று மேசை மேசையாகப் போய் எச்சரித்தேன். பத்திரிகையில் கலைப் பக்கத்தைக் கிழித்துவிட்டே அவருக்குக் கொடுத்தேன்.

முதல் சனிக்கிழமை இரவு என் வீட்டுப் பெட்டியில் பதிவாகும் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்திருந்த திரைக்கு எதிரே உட்கார்ந்து அந்தச் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இன்ஸ்பெக்டர் யாருக்கோ தே தாரேக் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். யாரோ சரியாகச் சொல்லிவிடப் போகிறான்.

அடுத்த சனிக்கிழமை, கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் இருக்கும் என் பழைய சக ஆசிரியர் ஜோசப்புக்கு உடம்பு சரியில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் படகேறினேன். ஜோசப் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்.

"என்ன சார், திடீர்னு?"

"சும்மாதான். உங்க வீட்டுல இந்த நேரத்துக்கு டிவி போடுவீங்களா?"

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜோசப் தலையில் கை வைத்துக்கொண்டார். "தவக்காலத்துல நான் இனிப்பை விடுவேன் சார். ஒரு தடவை ஒளிஞ்சு லட்டு சாப்பிட்டேன். மீசையைப் பார்த்தே என் சம்சாரம் கண்டுபிடிச்சிட்டா. இதெல்லாம் வேணாம் லா."

"எனக்குத்தான் மீசை இல்லையே" என்றேன். அதை அன்று பெரிய சமத்காரம் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சேகரன் வந்து, தான் பார்த்தவரையில் வைத்து யோசித்துச் சொல்வார்.

"அத்தான், எனக்கென்னமோ அந்த வாட்ச்மேன் மேலதான் சந்தேகம்."

வாட்ச்மேன் முந்தின வாரமே செத்துப்போயிருந்தான். "இருக்கலாம் மச்சான். அவன் முழியே சரியில்லை" என்றேன். துக்க வீட்டில் நிற்பவனைப் போல முகத்தை வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன்.

கடைசிப் பகுதி தைப்பூசத்துக்கு முந்தைய சனிக்கிழமை வந்தது. இன்ஸ்பெக்டர் அந்தக் கதவைத் தட்டினார். திறந்த முகத்தைப் பார்த்ததும் ஜோசப், "ஏசுவே" என்று எழுந்துவிட்டார். எனக்குக் காப்பி மடியில் கொட்டியதே தெரியவில்லை. திரும்பி வரும் படகில் இருட்டுக் கடலைப் பார்த்தபடி, இதைச் சேகரனிடம் சொல்ல முடியவில்லையே என்று தவித்தேன். என் துரோகத்தின் நடுவிலும் அந்த ஆளைத்தான் தேடியிருக்கிறேன் பாருங்கள்.

தைப்பூசத்தன்று எனக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான்: ஸ்டூல். காவடி எடுப்பவர் களைத்தால் உட்கார நீலப் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். தண்ணீர்ப் பந்தல்களின் ஒலிபெருக்கிகளுக்கு நடுவே, தார்ச்சாலைச் சூட்டில், சேகரன் தோளில் பால்காவடியோடு வெறுங்காலுடன் நடந்தார். பக்கத்தில் சரோஜா, மஞ்சள் சேலையில், வாய் ஓயாமல் 'வேல் வேல்' என்றபடி வந்தாள். படிக்கட்டில் பாதி ஏறியதும் ஒரு திருப்பத்தில் சேகரனின் முழங்கால் மடங்கியது. ஸ்டூலைப் போட்டேன். கண்ணை மூடி உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அத்தான், முடியாது போல இருக்கு. இத்தோட நின்னுட்டா அவளுக்கு..." என்று நிறுத்திக்கொண்டார்.

எதையாவது சொல்லி இவரை எழுப்ப வேண்டும். குனிந்தேன்.

"இன்னும் கொஞ்சம்தான் மச்சான். நாளைக்கு இந்நேரம் நம்ம சோபாவுல உட்கார்ந்திருப்போம். இன்னார்தான் கொலை பண்ணினதுன்னு தெரியறப்ப நீங்க அப்படியே ஆடிப் போயிடுவீங்க பாருங்க."

('இன்னார்' என்று இங்கேதான் எழுதுகிறேன். அன்று பெயரையே சொன்னேன்.) சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது.

சேகரன் கண்ணைத் திறந்தார். சுற்றிலும் உறுமி, ஒலிபெருக்கி, ஆயிரம் தொண்டைகள். ஆனால் அவர் மெதுவாகக் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊகம்தான் மச்சான்."

"ஊகமா? எதால கொன்னான்?"

வாழ்நாள் முழுவதும் வகுப்பறையில் நின்றவன் நான். கேள்வி வந்தால் பதில் தானாக வந்துவிடும். "மீன் வெட்டற கத்தியால" என்றேன். அவர் கேட்காமலேயே, "இடது கையால" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

சரோஜாவின் 'வேல் வேல்' நின்றுபோனது.

"தெரியாதவன் தப்பாத்தான் சொல்வான் அத்தான்" என்றார் சேகரன். அவ்வளவுதான். பிறகு சரோஜாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "காவடியை எறக்கலையே இன்னும். காதுல விழுந்துடுச்சே சரோஜா."

"விழுந்தா விழட்டும். எந்திரிங்க" என்றாள் சரோஜா.

எழுந்தார். அதற்குப் பிறகு அவர் உட்காரவே இல்லை. மிச்சப் படிகளை என்னிடமிருந்து தப்பித்து ஓடுபவரைப் போல ஏறினார். நான் ஸ்டூலைத் தலைமேல் பிடித்துக்கொண்டு, "மச்சான், மச்சான்" என்று கூட்டத்துக்குள் துரத்தினேன். வழிவிட்டவர்கள் எனக்கு அருள் வந்துவிட்டதாக நினைத்துக் கும்பிட்டார்கள். ஓர் அம்மா என் நெற்றியில் திருநீறு பூசி, "ஸ்டூல் எதுக்குப்பா?" என்று கேட்டார்.

மறுநாள் அவர் மேலே வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பரிசோதனை முடிவுக்காக அவர்கள் கீழே காத்திருந்தார்கள். நான் மேலே காத்திருந்தேன். நான் படித்தவன். ஒரு கட்டிக்கும் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முடிவு கெட்டதாக வந்தால் சேகரனின் மனத்தில் காரணம் நானாகத்தான் இருப்பேன். உண்மையைச் சொன்னால், என் மனத்திலும்தான். சோறு இறங்கவில்லை. ராஜேஸ்வரி என்னைத் திட்டாமல் சோற்றுத் தட்டை எடுத்து மூடிவைத்தாள்; அதுவே தாங்க முடியவில்லை.

ஒரு மத்தியானம் சரோஜா மட்டும் ஏறி வந்தாள். கதவருகே நின்று மூச்சு வாங்கினாள்.

"நல்லா இருக்காம் அண்ணே. பயப்பட ஒண்ணும் இல்லையாம். நீங்க முதல்ல சாப்பிடுங்க."

நான் அழுதேன். அவள் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மாலையே கீழே போய்ச் சேகரன் முன்னால் நின்றேன். "அடுத்த தைப்பூசத்துக்கு நான் பால்குடம் எடுக்கிறேன் மச்சான்."

"எதை விடப் போறீங்க? இறைச்சியா?"

"ரெண்டாம் பாகம் வருதாம். அதை முழுசா விடறேன்."

"நான் பார்ப்பேன்" என்றார். "உங்க வீட்டு டிவியில."

அப்படித்தான் நடந்தது. இரண்டாம் பாகம் ஓடிய சனிக்கிழமைகளில் அவர் என் சோபாவில் உட்கார, நான் அவர் வீட்டில் சரோஜாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். (படகுத்துறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஜோசப்பிடமே கேட்டுக்கொள்ளலாம்.) முடிந்ததும் இறங்கி வருவார். முகத்தில் ஏதோ பேயைப் பார்த்த வெளுப்பு. "அத்தான்..." என்று ஆரம்பித்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

அடுத்த தைப்பூசத்தில் தலையில் பால்குடத்தோடு அதே திருப்பத்துக்கு வந்தேன். ஸ்டூல் அவர் கையில் இருந்தது. என் காதருகே குனிந்தார். ஒரு பெயரைச் சொன்னார். வலித்தது. ஆனால் நியாயம் என்று பட்டது. ஏறினேன்.

மறுநாள் இருவரும் சோபாவில். நடுவில் முறுக்குத் தட்டு. எனக்கு முடிவு தெரியும் என்பதால் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டு போனேன். கடைசிப் பகுதியில் இன்ஸ்பெக்டர் ஒருவரின் தோளில் கை வைத்தார்.

அந்தப் பெயர் இல்லை. அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

என் வாயிலிருந்த முறுக்கு அப்படியே நின்றது. திரும்பினால், சேகரன் திரையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்ல?" என்றார்.

அவரே ரிமோட்டை எடுத்து என் கையில் வைத்தார். முதல் பாகத்தின் கடைசிப் பகுதிகளை அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை; நான் அவற்றைப் பெட்டியிலிருந்து அழிக்கவே இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"போடுங்க. மீன் கத்தி, இடது கை. அது தெரியும். எப்படின்னாச்சும் பார்ப்போம்."

போட்டேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது ஒரு சேதியை அடக்க முடியாமல் தவித்தால், "மாமாவுக்கு ஒரு ஸ்டூல் போடுங்க" என்பார்கள். அன்று அந்தக் கதவு திறந்தபோது, சேகரனுக்குத் துணையாக இருக்கட்டுமே என்று நானும் "ஐயோ" என்று நெஞ்சில் கை வைத்தேன்.

"நடிக்காதீங்க அத்தான்" என்றார் சேகரன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.