அந்தோனியார் காலடியில் சிவப்புத் தண்ணீர்

நான் மெக்கானிக் இல்லை. எடுத்த எடுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை சொல்லப் பிந்தியதால் பன்னிரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டியது.

2004ஆம் ஆண்டு டிசம்பர். எனக்கு இருபத்தேழு வயது. லண்டனின் தெற்கே சட்டனில் ஒரு கராஜில் ரயர் மாற்றுவது என் வேலை. ரயர் மாற்றாத நேரத்தில் கார் கழுவுவேன். பக்கத்து ஊரான மோர்டனில் மெரீனாவைப் பெண் கேட்டுப் போன அன்று மட்டும் எப்படியோ "மெக்கானிக்" என்று வாயில் வந்துவிட்டது. (வந்ததைத் திருப்பி விழுங்க முடியுமா? மெரீனா வேறு அந்த நேரம் பார்த்துத் தேநீரோடு வந்து நின்றாள்.)

மெரீனாவின் அண்ணன் அன்ரன் அண்ணை, நோர்வேயின் வட கோடியில் மீன் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் வேலை செய்துவிட்டு லண்டனுக்குக் குடிவந்தவர். அப்படி வந்தவர்கள் சோபா கொண்டுவந்தார்கள், கட்டில் கொண்டுவந்தார்கள். அன்ரன் அண்ணை கொண்டுவந்தது ஒரு ஸ்னோமொபைல். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் அகலமான ரப்பர் பட்டி, நடுவில் மோட்டார் சைக்கிள் இருக்கை. பனியில் மட்டும் ஓடும். லண்டனில் பனி வருடத்துக்கு ஒரு நாள் விழும், அதுவும் மத்தியானத்துக்குள் கரைந்துவிடும். வீட்டில் வைக்க இடமில்லாமல் அதை எங்கள் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தின் நிலவறையில் விட்டிருந்தார்.

அந்த வருடம் பங்குப் பிள்ளைகளின் கிறிஸ்மஸ் விழாவுக்கு நத்தார் தாத்தா அதில்தான் வந்திறங்குவதாக ஏற்பாடு. நாலு பேர் தள்ளுவார்கள். ஆனால் என்ஜின் உறும வேண்டும், முன்விளக்கு எரிய வேண்டும்.

"தம்பி, கூலன்ட் எங்கையோ லீக் அடிக்குது. என்ஜின் கொதிக்குது. அங்க எண்டால் பக்கத்து வீட்டு நோர்வேக்காரன் பாத்துத் தருவான், எனக்கு உதுகள் ஒண்டும் தெரியாது. நீர்தானே மெக்கானிக், ஒருக்கால் பாரும்" என்றார் அன்ரன் அண்ணை. பிறகு, சும்மா சொல்வதுபோல, "விழா முடிய அம்மா உங்கட விஷயத்துக்கு முடிவு சொல்லுவா" என்றார்.

"ஓம் அண்ணை, சின்ன வேலை" என்றேன்.

கோயில் திறப்பை வாங்கி, மறுநாள் மாலை ஐந்து மணிக்குப் பூட்டைத் திறந்து நிலவறைக்கு இறங்கினேன். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஒற்றை பல்ப், அதுவும் நினைத்தால் எரியும். சுவரோரமாக வெள்ளைத் துணி போர்த்திய உருவங்கள் வரிசையாக நின்றன. ஆள் உயரம். குடிலில் வைக்கிற இராசாக்கள், ஒரு காது போன ஒட்டகம், பெயர் தெரியாத புனிதர்கள். அந்த வரிசையின் நடுவில் அதே மாதிரித் துணி போர்த்திக்கொண்டு ஸ்னோமொபைலும் நின்றது. மூலையில், தரை வடிகாலுக்குப் பக்கத்தில், தமிழ்ப் பூசைக்கு மட்டும் மேலே எடுத்துப் போகும் அந்தோனியார் சொரூபம். அவர்மீது மட்டும் துணி இல்லை. துணி நாலாக மடித்து அவர் பக்கத்து முக்காலியில் இருந்தது. சற்று முன்தான் அணைத்த மெழுகுதிரியின் வாசம் வந்தது.

"ஆரங்க?" என்றேன். தலைக்கு மேலே தொம், தொம், தொம் என்று பதில் வந்தது. அது மண்டபத்தில் வெள்ளைக்காரப் பெண்களின் உடற்பயிற்சி வகுப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் காலிரண்டும் படிக்கட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டன.

வண்டியின் முன்மூடியைத் திறந்து ரேடியேட்டரைத் தேடினேன். இல்லை. காருக்கு எங்கே இருக்குமோ அங்கேயெல்லாம் தேடினேன். ரேடியேட்டரே இல்லாத வண்டியில் ரேடியேட்டர் கசிவை எப்படிப் பிடிப்பது? புகை போக நிலவறையின் பின்கதவைத் திறந்துவிட்டு என்ஜினை இரண்டு நிமிடம் ஓடவிட்டேன். என்ஜினைக் குளிர வைக்கிற திரவத்தை, அதுதான் கூலன்டை, அதன் போத்தலில் நிரப்பி, மட்டத்தில் பேனையால் கோடு போட்டேன். வண்டியில் இருந்தது பச்சை. கராஜில் பச்சை முடிந்திருந்ததால் சிவப்புக் கூலன்ட் எடுத்து வந்திருந்தேன். என்ஜினுக்கு அடியில் ஒரு காட்போட் அட்டை விரித்து, வண்டியைத் துணியால் நிலம் தொட மூடி, அந்தோனியாரையும் மரியாதையாகப் போர்த்துவிட்டு ஓடி வந்தேன்.

மறுநாள் போனபோது கூலன்ட் கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. அட்டை காய்ந்தபடி கிடந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. அந்தோனியாரின் துணி மறுபடி நாலாக மடித்து முக்காலியில் இருந்தது.

நான் மறுபடி நிரப்பினேன், மறுபடி போர்த்தினேன். அடுத்த நாளும் அதே கதை. யாரோ குடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். (சிரிக்காதீர்கள். ஒற்றைக் காது ஒட்டகத்தோடு தனியாக அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.) ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். அன்று அந்தோனியாரின் துணி முக்காலியில் இல்லை. வண்டி இருக்கையின் பின்நுனியில், ஓரத்தோடு ஓரம் பொருந்த மடித்து வைத்திருந்தது. அன்று என்ஜினைத் தொடவேயில்லை. செபம் முழுதாக ஞாபகம் வரவில்லை, வந்த பாதியைச் சொல்லிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தேன். திங்களிலிருந்து துணி மறுபடி முக்காலிக்கு வந்துவிட்டது, கூலன்ட் மறுபடி இறங்கியது.

விழாவுக்கு முந்தின நாள் மெரீனாவின் அம்மா, பிலோமினா அன்ரி, எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, நாலு மணிக்குக் கோயில் நிலவறைக்கு வாரும். ஆருக்கும் சொல்லாதையும். புதுமை நடந்திருக்கு, அற்புதம்."

போனேன். மெழுகுதிரிகள் எரிந்தன. அன்ரன் அண்ணை, மெரீனா, பங்குப் பெண்கள் என்று பன்னிரண்டு பேர் முழங்காலில் நின்றார்கள். அந்தோனியாரின் காலடியில், மெழுகுதிரி வெளிச்சத்தில், கறுப்பும் சிவப்புமாக ஒரு சிறு குட்டை. பச்சையும் சிவப்பும் கலந்தால் அந்த நிறம் வரும் என்று அந்தக் கணம் எனக்குத் தோன்றவில்லை. நானும் தொப்பென்று முழங்காலில் விழுந்தேன். மேலே தொம், தொம் என்றது.

"ஒன்பது நாள் நவநாள் வைச்சனான்" என்றார் அன்ரி மெதுவாக. "மெரீனாவை இந்தத் தம்பிக்குக் குடுக்கலாமோ, ஒரு அடையாளம் காட்டும் எண்டு கேட்டனான். ரெண்டாம் நாளே இந்தச் சிவப்புத் தண்ணி தெரிஞ்சுது. துடைச்சாலும் அடுத்த நாள் வருது. அந்தோனியார் சம்மதம் சொல்லிப்போட்டார்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மெரீனா சிரித்தாள். வானுலகமே சிபாரிசு செய்த மாப்பிள்ளை இந்த லண்டனில் நான் ஒருவன்தான். நெஞ்சு நிமிர்ந்தது. அப்போதுதான் அந்த வாசம் மூக்கில் ஏறியது. லேசான இனிப்பு வாசம். ஒன்பது நாளாக என் கையில் இருந்த அதே வாசம்.

அன்ரி குட்டையிலிருந்து பஞ்சால் ஒற்றி, திருத்தலத்துத் தீர்த்தம் கொண்டுவருகிற சின்ன பிளாஸ்டிக் போத்தலில் பிழிந்து சேர்த்திருந்தார். அதை ஒரு தேக்கரண்டியில் சரித்தார்.

"ஒவ்வொருத்தரும் ஒரு வாய். முதல் நான்."

கராஜில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. அந்தத் தண்ணீர் இனிக்கும், குடித்தால் சிறுநீரகம் போய்விடும். வாயைத் திறந்தால் கல்யாணம் போய்விடும். மூடியிருந்தால் மாமியார் போய்விடுவார். கரண்டி உதட்டுக்குப் போகும்வரை நான் யோசித்தேன் என்பதை இன்றும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"அன்ரி, வேண்டாம்! நஞ்சு!" என்று பாய்ந்து தட்டிவிட்டேன். கரண்டி ஒட்டகத்தில் போய் விழுந்தது. அந்த நேரம் பார்த்து மேலே உடற்பயிற்சியும் நின்றது.

"உது கூலன்ட், அன்ரி. வண்டியில இருந்து ஒழுகினது. நான்தான் ஊத்தினனான். எங்க ஒழுகுது எண்டு எனக்குத் தெரியேல்லை. நான் மெக்கானிக்கும் இல்லை. ரயர் மாத்திறனான்."

அன்ரன் அண்ணை எழுந்தார். "அப்ப ஒன்பது நாளா இதுக்குள்ள என்ன செய்தனீர்?"

"பயந்துகொண்டு நிண்டனான், அண்ணை. நான் போர்த்திற துணியை ஆரோ ஒவ்வொரு நாளும் மடிச்சு வைச்சினம்."

"அது நானடா!" என்றார் அன்ரி. முதல் தடவையாக என்னை 'டா' போட்டார். "மூடின அந்தோனியாருக்கு முன்னால எப்பிடிச் செபமாலை சொல்லுறது?" பிறகு கையிலிருந்த போத்தலைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. "அப்ப நான் ஒன்பது நாளா கூலன்டுக்கோ செபிச்சனான்?"

மெரீனாதான் முதலில் சிரித்தாள். ஆனால் அன்ரி சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

அன்ரன் அண்ணை டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தோனியாரின் காலடியிலிருந்து ஈரக்கோட்டைப் பின்தொடர்ந்தார். அது வடிகாலுக்காகச் சரித்துக் கட்டிய தரையில் ஏறி, நிலம் தொட்ட துணிக்குள் புகுந்து, வண்டியின் பின்பக்கத்துக்குப் போனது. அந்த வண்டியில் கூலன்ட் குழாய் இருக்கைக்கு அடியால் கடைசிவரை போகிறது. ரப்பர் பட்டி வாரி அடிக்கிற பனிதான் அதைக் குளிர வைக்கும். அதனால்தான் ரேடியேட்டர் இல்லை. நான் ஒன்பது நாளும் முன்னால் குனிந்து நின்றேன், அது பின்னால் ஒழுகியது. இருக்கையைக் கழற்றினோம். பின்நுனியில் குழாயைப் பிடித்திருந்த கிளிப் துருப்பிடித்து விலகிக் கிடந்தது. புதுக் கிளிப் போட்டு இறுக்கினேன். என் வாழ்க்கையில் நான் திருத்திய ஒரே வாகனம் அதுதான்.

நத்தார் தாத்தா உறுமிக்கொண்டு வந்திறங்கினார். மறுநாள் அன்ரி போன் எடுத்தார்.

"தம்பி, நீர் வாய் திறக்காட்டி மகளைத் தந்திருப்பன், நானும் செத்திருப்பன். கலியாணம் குழம்பும் எண்டு தெரிஞ்சும் சொன்னனீர். எனக்கு அந்த அடையாளம் போதும். ஆனால் இனி என்னட்டப் பொய் சொல்லக் கூடாது."

"சத்தியமா இல்லை அன்ரி" என்றேன்.

இப்போதும் எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினால் பிளம்பருக்கு முன்னால் மாமி வந்துவிடுவார். வாளிக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டு, "மருமகன், புதுமை நடக்குது, வந்து பாரும்" என்பார். பிள்ளைகள் உடனே முழங்காலில் நிற்பார்கள். நான் அவருக்குப் புதுமை காட்டியதும் அவர் எனக்குப் பேய் காட்டியதும், விருந்தாளிகள் வந்தால் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்படும்.

ஒருமுறை அந்தக் கதையின் நடுவில் மாமி, "ஞாயிறு மட்டும் நான் போகேல்லை. காய்ச்சலில படுத்திட்டன், வீட்டிலதான் செபிச்சனான். அண்டைக்குத் துணியை நீர்தானே மடிச்சு வைச்சனீர்?" என்று கேட்டார்.

இருக்கையின் பின்நுனி. கிளிப்புக்கு நேர் மேலே. காணாமல் போனதைத் தேடித் தருபவர் என்று அந்தோனியாருக்குப் பெயர்.

"ஓம் மாமி, நான்தான்" என்றேன். சத்தியத்துக்குப் பிறகு நான் அவரிடம் சொன்ன ஒரே பொய் அது.