மாமனாரின் கத்தியும் ஓர் எலுமிச்சம்பழமும்

கண்ணாடிக்காரர் மடக்குக் கத்தியைத் திறந்தார், பார்த்தார், உடனே மூடிவிட்டார். மறுபடி திறந்தால் அது இருக்காது என்று ஒரு நம்பிக்கை. திறந்தார். இருந்தது. அலகின் நடுவில் தேமல் படர்ந்த மாதிரி பழுப்பாகத் துரு.

"போச்சு!"

"என்னங்க போச்சு?" அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"உங்கப்பா கத்தி. துரு பிடிச்சிருக்கு. திருப்பிக் குடுக்கும்போது சுத்தமா இருக்கட்டுமேன்னு கிரீஸைத் துடைச்சேன், உள்ள இப்படி. ஒரே ஒரு எலுமிச்சம்பழம்தான் நறுக்கினேன்!"

அவள் வந்து பார்த்தாள். "ஒரு பழமா? கூடையோட நறுக்கின மாதிரியில்ல இருக்கு!"

கண்ணாடிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், பாவம். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை. வருகிறவர்கள் குனிந்து வந்து, நிமிர்ந்து இடித்துக்கொண்டு, அதன்பிறகுதான் கண்ணைக் காட்டுவார்கள். மாமியார் வீட்டிலோ தெருவைப் பார்த்த முன்னறை ஒன்று சும்மா கிடந்தது. கடைக்கென்றே கட்டினது போல வெளிச்சம். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அதன் மேல் ஒரு கண். மாமியார் இப்போதுதான் மனம் இளகி, "ஞாயித்துக்கிழமை வரும்போது சாவியைக் கொண்டு வரேன்" என்று சொல்லியிருந்தாள். கூடவே, "பொருளைப் பத்திரமாப் பாத்துக்கத் தெரிஞ்சவருக்குத்தான்" என்றும் ஒரு வார்த்தை.

அந்த மாமியார் ஆசையாகத் தன் கணவருக்கு வாங்கிக் கொடுத்த கத்திதான் இது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் மீன் பிடிக்கக் கிளம்பினார். மீன் ஒன்றும் கிடைத்ததில்லை. ஆனாலும் கத்தி தினமும் கூடப் போய் வந்தது.

மாமனார் லேசில் எதையும் கொடுக்கிறவர் இல்லை. படித்து முடித்த செய்தித்தாளைக்கூட மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர், மாப்பிள்ளை சிநேகிதர்களோடு ஏரிக்கரைக்குப் போகிறார் என்று தெரிந்ததும், தானே தேடி வந்து கத்தியைக் கையில் திணித்தார். "வெச்சுக்குங்க மாப்பிள்ளை, வெளியிடத்துல உதவும். கிரீஸ் தடவியிருக்கேன், துடைச்சிடாதீங்க." கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் மாமனார் அவரை நம்பிக் கொடுத்த முதல் பொருள்!

"உண்மையைச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

"சொல்றேன். சாவி கைக்கு வரட்டும்."

யாரோ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்து, ஒரு டம்ளர் வினிகரில் அலகை ஊறப்போட்டார். காலையில் எடுத்தால் துரு ஓடிப்போயிருந்தது. போகிற போக்கில் பளபளப்பையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. அலகு மழைக்கால வானம் போலக் கருகருவென்று கிடந்தது.

"துரு போயிடுச்சுல்ல?" என்றார்.

"முகமே போயிடுச்சு," என்றாள் மனைவி.

உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார். கருமை அங்கங்கே போயிற்று. கூடவே கம்பெனி முத்திரையில் பாதி போயிற்று. மீதி இடமெல்லாம் பூனை பிராண்டின கதவு மாதிரி ஆயிற்று.

"இன்னும் கொஞ்சம் தேய்ச்சா..."

"இன்னும் கொஞ்சம் தேய்ச்சா பிடிதான் மிஞ்சும். குடுங்க இப்படி!"

கடைசியில் கடைத்தெரு மூலையில் இருந்த சாணைக்காரரிடம் போய் நின்றார். சாணைக்காரர் கத்தியை வாங்கி முகத்துக்கு நேரே, மூக்கு நுனியோடு உரசுகிற தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடிக்காரர் தன் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யாருங்க இதை இப்படிப் பாடாய்ப் படுத்தினது?"

"அது... வாங்கும்போதே அப்படித்தான். இனிமே துருவே பிடிக்கக் கூடாது. என்ன பண்ணலாம்?"

"முகம் தெரியற மாதிரி பாலிஷ் போடலாம். தண்ணி தங்காது, வழுக்கிட்டு ஓடிடும். ஆனா விரல் பட்டாலே தெரியும்."

"எங்க மாமாவுக்கு விரல் படாமலே தெரியும். வேற?"

"மணலைப் பீய்ச்சி மங்கலாக்கலாம். பாக்க லட்சணமா இருக்கும். ஆனா பொடிப்பொடிக் குழியா இருக்குமா, ஈரம் உள்ள உக்காந்துக்கும். துருவுக்குப் பாய் விரிச்ச மாதிரி."

"ஐயையோ, வேணாம்!"

"கூழாங்கல்லோட போட்டு உருட்டலாம். உடம்பெல்லாம் கீறலாயிடும். அப்புறம் எந்தக் கீறல் யார் போட்டதுன்னு கண்டுபிடிக்க முடியாது."

கண்ணாடிக்காரருக்கு இது பிடித்திருந்தது. "துரு வருமா?"

"வந்தாலும் சட்டுனு தெரியாது. இல்லேன்னா கறுப்புக் கோட்டிங். கெட்டியாப் பிடிச்சுக்கும், ஈரத்தை உள்ள விடாது. கூர்ல மட்டும் நிக்காது, அங்க நீங்கதான் துடைச்சு வெச்சுக்கணும்."

"இதுல எது நல்லது?"

"எல்லாமே நல்லதுதாங்க. உங்க இஷ்டம்."

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. இதே வார்த்தையைத்தான் அவர் கடையில் தினமும் சொல்வார். கீறல் விழாத கோட்டிங், கண் கூசாத கோட்டிங், தண்ணீர் ஒட்டாத கோட்டிங், எல்லாமே நல்லதுதான், உங்கள் இஷ்டம். எதிரில் நிற்பவர்கள் ஏன் அப்படிப் பேந்தப் பேந்த விழிக்கிறார்கள் என்று இன்றைக்குத்தான் விளங்கியது.

"கறுப்பே போட்டுடுங்க," என்றார். பிறகு மனசு கேட்காமல், "உங்களுக்குக் கண் சரியாத் தெரியுதா?" என்றார்.

"கண்ணு எதுக்குங்க? கை பழகிடுச்சு."

"அதான் பயமா இருக்கு. மத்தியானம் என் கடைக்கு வாங்க, பாத்துடறேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே வந்து கண்ணாடியை வாங்கிட்டுப் போங்க."

கோட்டிங் போட்டு வந்த கத்தி கன்னங்கரேல் என்றிருந்தது. மனைவி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கப்பா தலைக்குப் போடற சாயம் இதே கறுப்புதான்."

"நல்லதாப் போச்சு, அப்ப அவருக்குப் பிடிக்கும்."

"வெள்ளைவெளேர்னு இருந்த கத்திங்க! துருவாவது ஓரமா இருந்தது. இப்ப கத்தியே வேற!"

ஞாயிறும் வந்தது.

மாமியார் உள்ளே வந்ததும் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தாள். மாமனார் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தெருவுக்கே கேட்கிற குரலில், "மாப்பிள்ளை, என் கத்தி எங்க? உங்க அத்தை பாக்கணுமாம்!" என்றார்.

கொண்டுவந்து கொடுத்தார். மாமனார் பிரித்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், நகத்தால் சுரண்டினார். சட்டைப்பையில் வைத்த பொருளைத் தொலைத்தவர் போல அவர் முகம் விழுந்துவிட்டது.

"இதுல... ஒண்ணுமே இல்லையே!"

"என்னங்க இது?" என்றாள் மாமியார். "நான் வாங்கினது வெள்ளி மாதிரியில்ல இருந்தது?"

கண்ணாடிக்காரரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அத்தை, தப்பு என்னோடதுதான். ஒரே ஒரு எலுமிச்சம்பழம் நறுக்கினேன். துரு பிடிச்சுடுச்சு. அதை மறைக்கத்தான்..."

"துரு பிடிச்சுதா!" மாமனாரின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "உங்ககிட்ட இருந்தப்பவா? கேட்டுக்கடி, மாப்பிள்ளைகிட்ட இருந்தப்பத்தான் துரு பிடிச்சிருக்கு! போனாப் போகுது, விடு. கைத்தவறுதல். அவரை ஒண்ணும் சொல்லாத."

மாமியார் சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்த 'சர்ர்' என்ற சத்தம் கண்ணாடிக்காரரின் நெஞ்சுக்குள் ஓடியது.

அப்போது வாசலில் குரல் கேட்டது. "கண்ணாடி ரெடியாங்க?"

சாணைக்காரர் தடவித் தடவி உள்ளே வந்தார். மாமனாருக்குத் திடீரென்று சுவரில் தொங்கிய காலண்டர் மேல் அக்கறை வந்துவிட்டது. எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அதற்கு முன்னால் போய் நின்றார்.

கண்ணாடிக்காரர் வருத்தத்தோடு வருத்தமாகக் கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டார். சாணைக்காரர் முதலில் மேசையில் கிடந்த கத்தியைப் பார்த்தார். "நான் போட்ட கோட்டிங்கா இது? திட்டுத்திட்டா இருக்கே! நீங்க ஒண்ணும் சொல்லலையே!"

"அது கிடக்கட்டும். தூரத்துல தெரியுதா பாருங்க. அந்தக் காலண்டரைப் படிங்க. மாமா, கொஞ்சம் நகருங்க."

மாமனார் நகரவில்லை.

"நகருங்களேன்!" என்று மாமியார் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

சாணைக்காரரின் முகமெல்லாம் சிரிப்பானது. "அட, நம்ம பெரியவர்! துருப்பிடிச்ச கத்தியைக் கொண்டுவந்து, வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாம மறைக்க எந்தக் கோட்டிங் நல்லதுன்னு கேட்டீங்களே, 'கிரீஸைத் தடவி மாப்பிள்ளைக்கு இரவல் குடுத்துடுங்க, அதைவிட நல்ல கோட்டிங் கிடையாது'ன்னு விளையாட்டுக்குச் சொன்னேன், நிஜமாவே குடுத்துட்டீங்களா?"